‘மு’ ஏறுது, ‘ஏ’ ஏற மாட்டேங்குது

என் பிரியமான நைனா,

சைதாப்பேட்டை ஸ்டாண்டில் உன் கூட ஆட்டோ ஓட்டிய மாமாக்கள் உன் நினைவு நாளுக்கு பேனர் வைக்கிறார்கள். காக்கிச் சட்டையில் நீ சிரிக்கிற படம், இரண்டு பக்கமும் புறா, கீழே நாலு வரி. அந்த நாலு வரியை என்னிடம் கேட்டார்கள். "நீதான் இப்ப கம்ப்யூட்டர் ஆபீஸ்ல கீறியே, சோக்கா எழுதிக் குடு" என்றார் தாஸ் மாமா. கம்ப்யூட்டர் ஆபீசுக்கும் கண்ணீர் அஞ்சலிக் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

எழுத உட்கார்ந்தேன். ‘மண்ணை விட்டு மறைந்தாலும்’ என்று தொடங்கியதும் நீ பின்னால் நின்று சிரிப்பது மாதிரி இருந்தது. பேனருக்கு உன் பெயரும் தேதியும் போதும் என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். ஸ்டாண்டில் இருப்பவர்கள் படிக்கட்டும். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். நீ என்றைக்கு ரகசியம் பேசினாய்? நீ போனில் ஹலோ சொன்னால் எதிர் வீட்டில் பதில் சொல்வார்கள்.

செய்தி இதுதான். அடையாறில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் வேலை செய்கிறேன். உனக்கு இதில் பொறாமை வரும். "நானும் சாஃப்ட்வேர்லதான் கீறேன். அவங்க பின்னாடி ஒக்காந்துக்கினு வராங்க, நான் முன்னாடி ஒக்காந்துக்கினு போறேன், அவ்ளோதான் வித்தியாசம்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தவன் நீ.

பெருங்குடிக்கும் அடையாறுக்கும் நீ ஏற்றிக்கொண்டு போனவர்கள் வழி முழுக்க போனில் பேசியதை எல்லாம் நீ வீட்டுக்குக் கொண்டு வந்தாய். மற்ற அப்பாக்கள் பக்கோடா வாங்கி வருவார்கள். நீ பொன்மொழி கொண்டு வந்தாய். "தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சிருச்சுன்னு ஒருத்தன் போன்ல சொல்றான்னா, பெருங்குடி வந்துட்டான்னு நெனச்சுக்காத. வண்டிக்கு இன்னும் கேஸே போடலன்னு அர்த்தம்." இது உன் கண்டுபிடிப்பு. ஆபீசில் ஒரு நாள் இதை மெசேஜில் போட்டேன். இப்போது யாராவது தொண்ணூறு என்றாலே, "கேஸ் போட்டாச்சா?" என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று, ரீஸ்டார்ட். எதுவும் ஓடவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் திரும்பப் போடு என்று அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவோடு சண்டை வந்தால் நீ செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போவாய். கதவைச் சாத்துவாய். அப்புறம் தட்டிவிட்டு உள்ளே வந்து, "இன்னாம்மா, சாப்டியா?" என்பாய், சண்டையே நடக்காத மாதிரி. அம்மா சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொள்வாள். மூன்றாவது ரீஸ்டார்ட்டில் எப்படியும் சிரித்துவிடுவாள்.

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்பாய். பத்தாவதுகூட முடிக்கவில்லையே. பள்ளிக்கூடத்தை நான் விட்டதாக எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் ஆற்றோரத்து வீட்டை எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வைத்தார்கள், பள்ளிக்கூடம் எங்களோடு வரவில்லை. ஒன்பதாவது வரை இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். அப்புறம் நீயும் இல்லை. அதைப் பற்றி அழுது எழுத மாட்டேன். பேனரில் புறாக்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கவிதா மேடத்தை ஞாபகம் இருக்கிறதா? சைதாப்பேட்டையிலிருந்து அடையாறுக்கு உன் வண்டியில் தினமும் போனவர். அவருடையதுதான் அந்த ஆபீஸ். உன் காரியத்துக்கு வந்திருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "புரோகிராம்ல எங்கயாவது மாட்டிக்கிட்டா ஆட்டோல புலம்பிக்கிட்டே வருவேங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. 'அப்பறம்?'னு மட்டும் கேப்பாரு. அதுக்குப் பதில் சொல்லிட்டே வருவேன், மத்திய கைலாஷ் சிக்னல் வரதுக்குள்ள எங்க தப்புன்னு எனக்கே தெரிஞ்சிடும்" என்றார்.

வெளிநாட்டில் புரோகிராம் எழுதுபவர்கள் மேஜையில் ஒரு ரப்பர் வாத்து வைத்திருப்பார்களாம். சிக்கல் வந்தால் அந்த வாத்திடம் ஒவ்வொரு வரியாக விளக்கிச் சொல்வார்களாம். சொல்லச் சொல்லத் தப்பு பிடிபட்டுவிடுமாம். "எனக்கு அவருதாங்க வாத்து" என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர் போனதும் அம்மா என்னிடம், "அந்தம்மா உங்க நைனாவ இன்னாத்துக்கு வாத்துன்னுச்சு?" என்று கேட்டாள். விளக்கினேன். "பரவால்ல. நான் மாடுன்னு சொல்லிக்கினு இருந்தேன். வாத்து கொஞ்சம் மரியாதையாத்தான் கீது" என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். துக்க வீட்டில் சிரித்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

உன் மெசேஜை எல்லாம் நான்தான் தமிழில் வேகமாக அடித்துக் கொடுப்பேன் என்று மேடத்திடம் பெருமை பேசியிருக்கிறாய். அது உதவியது. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு அவர்கள் ஆப் செய்துகொண்டிருந்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தமிழில் பதிந்துகொண்டு, தினமும் வந்ததைக் காட்ட வேண்டும். அதில் தமிழ் அடிக்க ஆள் தேவைப்பட்டது. அடிக்கப் போனவள், அடிக்கும்போது எது எது உடைகிறது என்றும் எழுதிக் கொடுத்தேன். அதற்கு டெஸ்டர் என்று பெயராம். ஒரு பொருளை உடைத்துவிட்டுத் திட்டு வாங்காமல் இருப்பதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று சின்ன வயதிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

வேலையில் குறை இல்லை. வாயில்தான் குறை. புரோகிராம் எழுதுகிற ரகு சார் எனக்கு அடுத்த நாற்காலி. மயிலாப்பூர்க்காரர். அவருக்கும் நான் மெசேஜில்தான் சொல்வேன். ‘சார், பட்டன் அமுங்கவில்லை.’ அவர் திரும்பிப் பார்ப்பார். "கைய நீட்டினா தொடற தூரத்துல உக்காந்துண்டு ஏம்மா தந்தி அடிக்கறே? வாயத் தொறந்து சொன்னா என்ன?" நான் அதற்கும் மெசேஜில் ‘சரி சார்’ என்று அனுப்புவேன்.

மேடம் ஒரு நாள் என்னை உட்கார வைத்துப் பேசினார். "ஆப் முடிஞ்சிடுச்சுன்னா டைப் பண்ற வேலையும் முடிஞ்சிடும், செவ்வந்தி. இனிமே கடைகளுக்குப் போய், அங்க இருக்கவங்களுக்குச் சொல்லிக்குடுத்து, என்ன பிரச்சனைன்னு கேட்டு வர ஒரு ஆள் வேணும். அது நீயா இருந்தா எனக்குச் சந்தோஷம். ஆனா அதுக்குப் பேசணும். சனிக்கிழமை தி. நகர் கடையில எல்லார் பேரையும் ஏத்தறோம். நீ தனியா போ. பேசி முடிச்சிட்டு வந்தா நீ இங்கதான். முடியலன்னா நான் கோச்சுக்க மாட்டேன், ஆனா குடுக்க வேற வேல எங்கிட்ட இல்ல."

நைனா, எனக்கு அந்த வேலை வேண்டும். அந்த நாற்காலி, அந்த ஜன்னல், ரகு சாரின் தந்தி ஜோக்கு, எல்லாமே வேண்டும். ஆனால் பஸ்ஸில் ‘ஒரு அடையாறு’ என்று கேட்கவே எனக்குக் குரல் கிடைக்காமல் கண்டக்டர் இரண்டு தடவை குனிந்து கேட்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுநாள் பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினேன். நான் கிளம்பிய பிறகு ரகு சார் ஆப்பில் சின்னதாக ஒன்றை மாற்றியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

உன் பொன்மொழியில் இதற்கும் ஒன்று உண்டு. "சனிக்கெழம சவாரி கீதுன்னா வெள்ளிக்கெழம சாயங்காலம் வண்டியப் பிரிக்காத."

சனிக்கிழமை. கடை திறக்குமுன் போய்விட்டேன். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது, குனிந்து நுழைந்தேன். உள்ளே புதுத் துணி வாசனை. ஒரே மாதிரிப் புடவை கட்டிய பெண்களும் நீலச் சட்டை போட்ட ஆண்களும் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் தெற்கத்திக்காரர்கள். மேனேஜர் முத்தையா அண்ணாச்சி கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் டேப்லட்டை வைத்து, பூ போட்டு, கற்பூரம் காட்டித் தயாராக இருந்தார். "முதலாளி கடை தொறக்க வந்துருவாரு. அதுக்குள்ள எல்லாப் பேரும் ஏறிரணும். ஏறலன்னா இந்தச் சோலியே வேண்டாம்ன்னுட்டாரு. ஆரம்பிப்பமா, பிள்ள?" தலையாட்டினேன்.

பெயரை அடிக்க வேண்டும், பக்கத்துக் கட்டத்தில் இனிஷியல், அப்புறம் போட்டோ. முதலில் வந்த சிலர் வழுக்கிக்கொண்டு போனார்கள். அடுத்து செல்வி என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். இனிஷியல் ‘ஆ’ என்று அடித்தாள். சிவப்பில் ஒரு வரி வந்தது. ‘தந்தை பெயரின் எழுத்து சரியில்லை.’

செல்வி அதைச் சத்தமாகப் படித்தாள். "எங்கய்யா ஆறுமுகத்துக்கு என்ன கொறச்சலாம்? ஊர்ல பஞ்சாயத்துல வச்சுகூட அவர ஒருத்தன் சரியில்லன்னு சொன்னதில்ல."

"ஏட்டி, உங்கய்யா ராத்திரி தண்ணி போடுததக் கண்டுபிடிச்சிட்டு போல மெஷினு" என்றாள் பின்னால் நின்றவள். வரிசை முழுக்கச் சிரிப்பு. அப்படிச் சொன்னவள் வந்து ‘சு’ என்று அடித்தாள். போய்விட்டது. "பாத்தியா, எங்கப்பா சுப்பையா. சொக்கத் தங்கம்."

அடுத்தவர் ‘ப’. போகவில்லை. ‘கோ’ போனது. ‘இ’ போகவில்லை. ‘மு’ போனது. எதற்காகச் சிலரை ஏற்றுகிறது, எதற்காகச் சிலரைத் தள்ளுகிறது என்று யாருக்கும் புரியவில்லை. மூத்த சேல்ஸ்மேன் ஒருவர், "இது எழுத்து ராசி பாக்குத மெஷினு. பேர்ப் பலன் பாத்துத்தான் செஞ்சிருப்பானுவ" என்றார். இரண்டு பேர் அதை நம்பி, அப்பா பெயரில் எந்த எழுத்தைக் கூட்டினால் ராசி வரும் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஒரு புடவைக் கட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ரகு சாருக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் வரவில்லை.

முத்தையா அண்ணாச்சிக்கு அவசரம். அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "‘மு’ போட்டா போவுதுல்லா? ஏறாதவங்க எல்லாம் இப்போதைக்கு ‘மு’ போட்டு ஏத்துங்க. பொறவு பாத்துக்கிடலாம்."

இப்போதைக்கு. நம் பழைய தெருவில் சாக்கடை மேல் இப்போதைக்கு என்று ஒரு கல்லைப் போட்டார்களே, நான் நடை பழகியதே அந்தக் கல்லில்தான் என்பாய். சாஃப்ட்வேரிலும் அப்படித்தான் நைனா. நன்றாக யோசித்துச் செய்ததை எல்லாம் மாற்றிவிடுவார்கள். இப்போதைக்கு என்று போட்டதை மட்டும் யாரும் அசைக்க முடியாது.

அண்ணாச்சி என்ன சொல்லிவிட்டார் என்று அவருக்கே உறைக்கவில்லை. செல்விக்கு உறைத்தது. ‘மு’ என்று அடித்தாள், பச்சை விளக்கு வந்தது, திரும்பி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா."

அவ்வளவுதான். வரிசையில் ஏறாதவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக முத்தையாவின் பிள்ளைகள் ஆனார்கள். "அப்பா, தீபாவளிக்கு எனக்குப் பட்டு எடுத்துத் தரணும்." "அப்பா, இன்னைக்கு எனக்கு லீவு." அவரைவிட மூத்த அந்த ராசிக்கார சேல்ஸ்மேன்கூட, "ஏய்யா, சோறு போடுவியா?" என்று கேட்டார். அண்ணாச்சி முகம் சிவந்துபோனது. "சும்மா இருங்களேம்ல. என் வீட்டுக்காரி காதுல விழுந்தா எனக்குச் சோறு கெடையாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீயும் ஒரு பேர அடிச்சுக் காட்டு பிள்ள. உம் பேரையே அடி."

செவ்வந்தி என்று அடித்தேன். பக்கத்தில் ‘ஏ’ என்று அடித்தேன். சிவப்பு வந்தது. தந்தை பெயரின் எழுத்து சரியில்லை.

"ஒனக்கும் அப்படித்தானா? நீயும் ‘மு’ போட்டுக்க. எம் பிள்ளையாட்டம் இருந்துட்டுப் போயேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார் நைனா. நல்ல மனுஷன். என் விரலும் ‘மு’ வரைக்கும் போனது. ஒரு சோதனைக்காக அடிப்பதுதானே, அப்புறம் அழித்துவிடலாம். ஆனால் விரல் அங்கேயே நின்றுவிட்டது. நீ எங்களுக்கு விட்டுப்போனவற்றில் வண்டியை விற்றாயிற்று. உன் சட்டைகளை அம்மா கொடுத்துவிட்டாள். இந்த ஒரு எழுத்துதான் நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் போகிறது.

"வேணாம் அண்ணாச்சி" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை வந்தது என் குரலே இல்லை, உன் குரல். ஷட்டர் அதிர்ந்த மாதிரி எனக்குத் தோன்றியது. "வேணாம் அண்ணாச்சி. எங்க நைனா பேரு ஏழுமலை. அவருக்கு ‘ஏ’தான். யாரும் ‘மு’ போடாதீங்க. போட்டவங்களும் நில்லுங்க. தப்பு மெஷின்ல கீது. இன்னான்னு பாத்துட்டு சொல்றேன்."

‘மு’ அடிக்கப் போன ஒருத்தி கையை எடுத்துக்கொண்டாள். அண்ணாச்சி, "எம்மா, இம்புட்டு நேரமும் நான் ஒன்ன ஊமைன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

ரகு சாருக்குப் போன் போட்டேன். மெசேஜ் இல்லை, போன். எடுத்தவர் முதலில் யார் என்று கேட்டார். என் குரல் அவருக்குத் தெரியாதே. விஷயத்தைச் சொன்னதும், "இங்க நன்னா ஓடறதேம்மா" என்றார். "நேத்து ராத்திரி எங்காத்துல எல்லார் பேரையும் போட்டுப் பாத்தேன். எங்கப்பா, அம்மா, அத்திம்பேர், எல்லாரும் ஏறிட்டா."

மெக்கானிக் ஷெட்டுக்குள்ள எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும் என்று நீ சொல்வது வாய் வரைக்கும் வந்தது. "சார், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொல்லிக்கினே போறேன். நீங்க ‘அப்பறம்?’னு மட்டும் கேளுங்க" என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கும். ஆனால் கேட்டார்.

ஏறியவர்கள் வேட்டிப் பக்கம், ஏறாதவர்கள் நைட்டிப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்து நிற்க வைத்தேன். கடன் வாங்கிய ‘மு’வை விட்டுவிட்டு அவரவர் சொந்த எழுத்தைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். நான் அதைப் போனில் சொன்னேன்.

"சார், ஏறுனவங்க சு, கோ, மு, வே, மா."

"அப்பறம்?"

"ஏறாதவங்க ஆ, ப, இ, க. அப்பறம் நானு, ஏ."

"அப்பறம்?"

அப்புறம் என்ன? எனக்கே தெரியவில்லை. இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். நைட்டிப் பக்கத்திலிருந்து செல்வி குரல் கொடுத்தாள். "அந்தப் பக்கம் பூரா காலும் கொம்பும் சுழியும் வச்சிக்கிட்டு மினுக்கிட்டு நிக்கிதுவ. நாங்கதான் மொட்டையா நிக்கோம்."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் அதையும் அப்படியே போனில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ஏதோ சுருக்கென்றது. "சார், ஒரு எழுத்துல எத்தன துண்டு கீதுன்னு அது எண்ணுதா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ரகு சார் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. "செத்த இரும்மா. இனிஷியல் காலியா விடக் கூடாதுன்னு கடைல கேட்டாளேன்னு நேத்து சாயங்காலம் ஒரு ரூல் போட்டேன். வெளிநாட்டுக்காரன் எழுதி வச்சத அப்படியே எடுத்துப் போட்டேன். அவாளுக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு எழுத்தாவது இருக்கணும்னு ரூல். நமக்கு இருக்கறதே ஒரு எழுத்துதானே. ஆனா ‘மு’ன்னா மெஷினுக்கு ம ஒண்ணு, அந்தச் சுழி ஒண்ணு. ரெண்டுன்னு எண்ணிண்டு உள்ள விட்டுடறது. ‘ஏ’ பாவம், ஒத்த ஆளு."

ஒத்த ஆளு. எங்காத்தில் எல்லாரும் ஏறினார்கள் என்றாரே, அவர் வீட்டில் எல்லாருக்கும் ஸ்ரீ, வெ, ரா என்று கொம்பும் காலுமாக இருந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் மொட்டை எழுத்தே இல்லாததால் ஒரு கடையில் பாதிப் பேருக்கு அப்பா மாறிப்போனார். சாஃப்ட்வேர் இப்படித்தான் உடையும் என்று எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்குமா?

"அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்றார். இவர்கள் அஞ்சு நிமிஷம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், வெயிட்டிங் சார்ஜ் கேட்டுத் தோற்றவன் நீ. அதற்குள் ஷட்டர் முழுசாக ஏறியது. முதலாளி வந்துவிட்டார்.

வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் எதிரெதிராக நின்ற தன் ஆட்களைப் பார்த்தார். "என்னல இது, பட்டிமன்றமா?"

"இல்ல முதலாளி" என்றார் முத்தையா அண்ணாச்சி. "அந்தப் பக்கம் கொம்பு, இந்தப் பக்கம் மொட்டை."

இதை எப்படிக் கேட்டாலும் புரியாது. முதலாளிக்கும் புரியவில்லை. நேராக டேப்லட்டுக்குப் போய்த் தன் பெயரை அடித்தார். அப்பா பெயர் சண்முகம் போல. ‘ச’ என்று அடித்தார். சிவப்பு வந்தது. படித்தார்.

"எங்கப்பா வச்ச கடையில எங்கப்பா பேரு சரியில்லையா? இத யாரு செஞ்சது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புடவைக் கட்டு தூரத்தில் இருந்தது, ஒட்டிக்கொள்ள முடியவில்லை. "நாங்கதான் சார்" என்றேன். "உங்க அப்பா பேர்ல தப்பே இல்ல. எங்க ஆப்தான் எழுத்த எண்ணத் தெரியாம எண்ணுது. எங்க நைனாவையும் ஏத்தல. சரி பண்ணிக்கினு கீறாங்க. நீங்க நிக்கிறீங்கன்னா, சரியானதும் மொத ஆளா உங்க அப்பா பேரத்தான் போடப் போறோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நின்றார். யாரோ காபி கொண்டுவந்தார்கள். அவர் குடிக்கவில்லை, ஆறட்டும் என்று வைத்தார். போனில் ரகு சார் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்போ பாரும்மா" என்றார். முதலாளி மறுபடியும் ‘ச’ என்று ஒற்றை விரலால் அடித்தார்.

பச்சை வந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறின காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "ஏறிட்டாரு" என்றார், மெதுவாக. அப்புறம் சத்தமாக, "என்ன பாத்துக்கிட்டு நிக்கீய? அவனவன் அப்பன ஏத்துங்க" என்றார்.

‘மு’ போட்டவர்கள் எல்லாரும் திரும்ப வந்து தங்கள் எழுத்தைப் போட்டார்கள். செல்வி ‘ஆ’வை அடித்துவிட்டு டேப்லட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு முத்தையா அண்ணாச்சியிடம் போய், "போயிட்டு வாரேன்ப்பா, ரொம்ப நல்லா வளத்தீய" என்றாள். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கடையில் இன்னும் எல்லாரும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

மேடத்திடம் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். மெசேஜ் இல்லை, நேரில். பாதியில் நிறுத்தும்போதெல்லாம் அவர் வேண்டுமென்றே "அப்பறம்?" என்றார். முடித்ததும், கழுத்தில் மாட்டுகிற அட்டையில் என் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டார். நான் சொன்னேன். ரகு சார் அங்கிருந்தே, "போதும்மா, தெருக்கோடி வரைக்கும் கேட்டாச்சு" என்றார்.

இப்போது அவர் என்னைக் கேட்காமல் வெள்ளிக்கிழமைகளில் எதையும் தொடுவதில்லை. ஆப்பில் அந்தச் சிவப்பு வரியையும் நான் மாற்றச் சொன்னேன். இப்போது எதுவும் ஏறவில்லை என்றால், ‘எங்களால் படிக்க முடியவில்லை, மன்னிக்கவும்’ என்று வருகிறது. தப்பு செய்வது மெஷினாக இருந்தாலும் சரி, மனுஷனாக இருந்தாலும் சரி, எதிரே நிற்பவரின் அப்பனைக் குறை சொல்லக் கூடாது. இது என் பொன்மொழி. உன்னுடையவற்றோடு சேர்த்துக்கொள்.

பத்தாவதைத் தனியாக எழுதச் சொல்கிறாள் அம்மா. மேடமும் அதையே சொல்கிறார். எழுதட்டுமா? பரீட்சையில் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி. கணக்கு மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது. உனக்கு என்ன தோன்றுகிறது? அங்கே யாருக்காவது வண்டி ஓட்டுகிறாயா? பின் சீட்டில் யார் புலம்பிக்கொண்டு வருகிறார்கள்?

திங்கட்கிழமை மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போகிறேன். அதற்கடுத்து நங்கநல்லூரில் ஒன்று. வழியெல்லாம் வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டேதான் போவேன். ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன் நைனா. எந்தக் கடைக்குப் போனாலும், அங்கே நிற்கிற கடைசி ஆளின் அப்பாவும் ஏறுகிற வரைக்கும் நான் வெளியே வர மாட்டேன். அது வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பேன்.

உன் ஒரே மகள், பேச்சில் கொஞ்சம் உன்னைப் போலவே,
ஏ. செவ்வந்தி